கடைசி நாள் காலையில் கப்பலை விட்டுச் சீக்கிரம் இறங்க: பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

உல்லாசக் கப்பல் பயணம் நம் பக்கத்து ஆட்களுக்கும் இப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அதன் பிறகு விசாகப்பட்டினம், புதுச்சேரி, இலங்கை என்று அதில் போய் வருவது மத்தியதரக் குடும்பங்களுக்கும் ஆசையாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து போகிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை வரவழைத்து மெரினா பே துறையிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று கூட்டிப்போகிறார்கள்.

ஏறும் நாளுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இறங்கும் காலையைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. மயிலாப்பூரில் வீடு உள்ளவர் பத்து மணிக்கு இறங்கினாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். நமக்கு அப்படி இல்லை. சென்னையிலிருந்து பெரம்பலூருக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர். அங்கிருந்து வேப்பந்தட்டைக்கோ குன்னத்துக்கோ, அரியலூரில் இறங்கி செந்துறைக்கோ ஆண்டிமடத்துக்கோ போக வேண்டியவர்கள் உண்டு. காலையில் துறைமுகத்தில் இழக்கும் ஒரு மணி நேரம், இரவில் கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட வைக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும் வேலை இறங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில், முந்தி இறங்குவது உங்கள் குடும்பத்துக்குத் தோதுப்படுமா என்று பாருங்கள். இறங்குவதற்கு இரண்டு வழி உண்டு. பெரிய பெட்டிகளில் கப்பல் தரும் டேக்கைக் கட்டி, முந்தின நாள் இரவே அறைக் கதவுக்கு வெளியே வைத்து ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் உங்கள் டேக்கின் நிறத்தையோ எண்ணையோ கூப்பிடும்போது வெறுங்கையோடு இறங்கலாம். அல்லது எல்லாச் சாமானையும் நீங்களே தூக்கிக்கொண்டு முதல் கூட்டத்தோடு இறங்கலாம். சீக்கிரம் வெளியே வர இரண்டாவது வழிதான் சரி. ஆனால் சாமான் அத்தனையையும் ஒரே நடையில், தேவைப்பட்டால் படிக்கட்டிலும், உங்கள் வீட்டு ஆட்களே தூக்க முடிய வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மா, கைக்குழந்தை, நான்கு பெட்டி என்று போகிறவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம். அவர்களுக்கு அடுத்த குறிப்பு.

2. பெட்டியை ஒப்படைப்பவர்களும் ஓரளவு முந்தலாம். டேக் கொடுக்கும்போது ஊருக்குப் போகும் ரயில் அல்லது விமான டிக்கெட்டை ரிசப்ஷனில் காட்டி, “எங்களுக்கு முன்வரிசை எண் கொடுங்கள்” என்று கேளுங்கள். தூரப் பயணம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தருவது பெரும்பாலான கப்பல்களில் வழக்கம். பயணம் முடிவதற்கு முந்தின நாள் காலையிலேயே கேட்டால் கிடைக்கும். ராத்திரி கேட்டால் எல்லா எண்ணும் போயிருக்கும்.

3. வீட்டில் மூட்டை கட்டும்போதே இறங்குவதை நினைத்துக் கட்டுங்கள். குடும்பத்துக்கு ஒரு பெரிய சூட்கேஸ் என்று எடுத்துப்போவது தவறு. ஆளுக்கு ஒரு சின்ன சக்கரப் பெட்டி, தோளில் ஒரு பை, அவ்வளவுதான். கட்டைப்பை வேண்டவே வேண்டாம். ஏறும்போது ஒன்றாக இருக்கும் கட்டைப்பை இறங்கும்போது மூன்றாகிவிடும். காது அறுந்து நடைபாலத்தின் நடுவில் சாமான் கொட்டினால், பின்னால் வரும் நூறு பேரும் நிற்க வேண்டியதுதான்.

4. கப்பல் கரை சேரும் நேரம் வேறு, ஆட்கள் இறங்கும் நேரம் வேறு. இது மனதில் நன்றாகப் பதிய வேண்டும். டிக்கெட்டில் போட்டிருப்பது கப்பல் வந்து சேரும் நேரம். அதற்கு முன்பே துறைமுகத்துக்கு வெளியே கடலில் காத்திருக்கும் கப்பலில் துறைமுகத்தின் பைலட் ஒருவர் சின்னப் படகில் வந்து ஏறுவார். அவர் வழிகாட்ட, இழுவைப் படகுகள் தள்ளியும் இழுத்தும் கப்பலைத் துறையோடு சேர்க்கும். வடக்கயிறு கட்டி, நடைபாலம் போட்டு, அதிகாரிகள் அனுமதி தந்த பிறகே முதல் பயணி கால் வைக்க முடியும். வெளிநாடு போய் வந்த கப்பலென்றால் சுகாதாரம், குடியேற்றம், சுங்கம் என்று மூன்று துறையினரும் தலையசைக்க வேண்டும்.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன நம் ஊர்ப் பெரியவர்களின் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன டெக் பயணிகளை அந்நாளில் சிங்கப்பூர்க் கரைக்கு எதிரே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் தனியே தங்கவைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே ஊருக்குள் விட்டார்கள். அவர்கள் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். நாம் காத்திருப்பது மணிக்கணக்கில்தான். ஆனாலும் காத்திருப்பு உண்டு. அதைக் கணக்கில் வைத்தே மேற்கொண்டு டிக்கெட் போட வேண்டும்.

5. அரியலூர்க்காரர்களுக்கு ரயில். சென்னையிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைனில் நம் அரியலூர் இருக்கிறது. காலையில் கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸ்ஸைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். கப்பல் இறங்கும் நாளில் அதில் டிக்கெட் போடாதீர்கள். மதியம் கிளம்பும் வைகை நிதானமான தேர்வு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதற்கும் பின்னால் கிளம்பும் பல்லவன் இன்னும் நல்லது. இரண்டும் அரியலூரில் நிற்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் போட்டால் ஒன்றை மட்டும் எச்சரியுங்கள்: சோழன் எக்ஸ்பிரஸ் திருச்சிக்குத்தான் போகிறது என்றாலும் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப்போகும். அரியலூருக்கு வராது.

முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கப்பல் டிக்கெட்டை அதற்கும் முன்பே எடுத்திருப்பீர்கள். ஆகவே ரயில் பதிவு திறக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடக்கும் காலம் இது. வண்டி எழும்பூரில் கிளம்புகிறதா, தாம்பரத்தில் கிளம்புகிறதா என்று கப்பல் ஏறுவதற்கு முன்பே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் போனபின் பார்க்க முடியாது.

6. பெரம்பலூர்க்காரர்களுக்கு ரயில் நிலையம் இல்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. கப்பல் இறங்கும் நாளில் மட்டும் அது குறையாகத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரக் கட்டாயம் இல்லை. கப்பல் தாமதமானாலும் டிக்கெட் வீணாகாது. 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் திருச்சி, மதுரை வண்டிகள் பகலெல்லாம் கிடைக்கும். ஏறும் முன் நடத்துநரிடம் கேளுங்கள்: பெரம்பலூர் ஊருக்குள் போகுமா, நான்கு ரோட்டில் இறக்கிவிடுவாரா என்று. பைபாஸிலேயே ஓடிவிடும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு அப்புறம் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

ஜெயங்கொண்டம், மீன்சுருட்டிப் பக்கத்துக்காரர்கள் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் சுற்றிவர வேண்டாம். பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் பஸ் மீன்சுருட்டியைத் தொட்டுக்கொண்டு போகும். அதுவே அவர்களுக்குக் கிட்டத்து வழி.

7. சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்களுக்குத் தனியாக மூன்று விஷயம். முதலாவது விசா. கப்பல் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய்விட்டுத் திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாவா என்பதைத் திருச்சியில் விமானம் ஏறும் முன்பே பாருங்கள். இரண்டாவது, வருகைப் படிவம். சிங்கப்பூர் வந்து சேருவதற்கு 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்தைக் கப்பலில் திரும்பி வரும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பியது இதற்குச் செல்லாது. கடலில் இணைய வசதிக்குத் தனிக் கட்டணம் என்பதால், கடைசியாக நிற்கும் துறைமுகத்தில் கரையில் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். அங்கே சமர்ப்பிக்கும் நாள் அந்த 3 நாள் கணக்குக்குள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விமானம். இறங்கும் நாளிலேயே திருச்சி விமானத்தைப் பிடிப்பதென்றால் மதியத்துக்குப் பின் கிளம்புவதாக இருக்கட்டும். அப்பா அம்மா தனியாகத் திரும்புகிறார்கள் என்றால் ஒரு இரவு பிள்ளை வீட்டில் தங்கி மறுநாள் கிளம்புவதுதான் என் யோசனை. சாங்கி விமான நிலையத்தில் மூச்சு வாங்க ஓடவிடுவதற்கா அவர்களைக் கூட்டி வந்தீர்கள்?

8. இறங்குவதற்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு மேல் நீச்சல் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள். குழந்தைகள் அழும். அழட்டும். ஈரத் துணி இரவுக்குள் கேபினில் காயாது. குளத்துத் தண்ணீரில் உப்போ குளோரினோ இருக்கும். அது பெட்டிக்குள் மற்றத் துணியில் இறங்கினால் ஊர் போய்ச் சேருவதற்குள் நாறிவிடும். தவறிப்போய் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் வைத்து முறுக்கிப் பிழிந்து, பாலித்தீன் கவரில் தனியாகக் கட்டி வையுங்கள்.

9. பில்லைச் சாயங்காலமே பாருங்கள். கப்பலில் காசு புழங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் அறை அட்டையைத்தான் தேய்க்கிறோம். குழந்தைகள் குடித்த ஜூஸ், எடுத்த போட்டோ, இணையம் எல்லாம் அதில் ஏறியிருக்கும். ரிசப்ஷனிலோ அறை டிவியிலோ கணக்கைப் பார்த்து, தப்பு இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் அதே ரிசப்ஷன் முன்னால் வரிசை படிக்கட்டு வரை நிற்கும்.

கிரெடிட் கார்டைப் பதிவு செய்தவர்களுக்குத் தொகை தானாகப் போய்விடும். புதிதாகக் கார்டு தேய்த்துக் கட்டுவதாக இருந்தால், நடுக்கடலில் போனுக்கு ஓ.டி.பி. வராது என்பதை மறக்காதீர்கள். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். டெபிட் கார்டில் முன்பணமாகப் பிடித்து வைத்த தொகை திரும்பச் சில நாள் ஆகும். அதை நம்பி ஊர்ப் பயணச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

10. அறையைச் சுத்தம் செய்த பையனுக்கோ அம்மாவுக்கோ ஏதாவது கொடுக்க நினைத்தால் முந்தின நாள் இரவே கையில் கொடுத்து நன்றி சொல்லுங்கள். காலையில் அவர்கள் முகத்தையே பார்க்க முடியாது. எம்பிரஸ் போன்ற கப்பலில் ஏறக்குறைய 800 அறை இருக்கிறது. அன்று மதியமே அடுத்த கூட்டம் ஏறும். அதற்குள் அத்தனை அறையையும் அவர்கள் தயார் செய்தாக வேண்டும். நம்மைக் காலை எட்டு மணிவாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்வதும் இதனால்தான்.

11. காலையில் உடுத்துவதை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பெட்டியைக் கட்டுங்கள். சட்டை, பேன்ட், புடவை, உள்ளாடை, செருப்பு என்று தலைமுதல் கால்வரை ஒரு செட் நாற்காலியில் இருக்கட்டும். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, காலையில் லுங்கியோடு பெரியவர் ஒருவர் கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டி அதற்குள் கப்பலின் அடித்தளத்துக்குப் போயிருந்தது. யாராலும் திரும்ப எடுத்துத் தர முடியவில்லை. பக்கத்து அறைக்காரர் ஒரு பேன்ட் கொடுத்து உதவினார்.

சின்னக் குழந்தைகளுக்கு இரவே பயண உடையைப் போட்டுப் படுக்க வையுங்கள். காலையில் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

12. கைப்பையில் இருக்க வேண்டியவை: ஆதார் அல்லது பாஸ்போர்ட், அறை அட்டை, ரயில் டிக்கெட், மூக்குக்கண்ணாடி, அன்றைய மாத்திரைகள், போன் சார்ஜர், பல் துலக்கும் சாமான், ஒரு தண்ணீர் பாட்டில். நகையும் பணமும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வைக்கும் பெட்டியில் போகக் கூடாது.

13. இன்சுலின் போடுகிறவர்கள் இதைத் தனியாக ஒரு சீட்டில் எழுதிக் கேபின் கதவில் ஒட்டுங்கள். அறையிலுள்ள சின்ன ஃபிரிட்ஜில் வைத்த மருந்தை மறந்துவிட்டு இறங்குவது சாதாரணமாக நடக்கிறது. ரயிலில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வரும். சாப்பிடும் வேளை தப்பும், சர்க்கரை ஏறும், வீடு சேரும் வரை மனம் பதறும். இரவு ஃபிரிட்ஜ் கதவின் மேலேயே கைப்பையை மாட்டி வைத்தால் மறக்காது. வழியில் வெயில் படாமல், ஈரத் துணியில் சுற்றிய டப்பாவில் வைத்துக்கொண்டால் மாலை வரை தாங்கும். வெளியே வைக்கும் பெட்டியில் இன்சுலினைப் போடவே கூடாது. அந்தப் பெட்டி இரவெல்லாம் எங்கே, எந்தச் சூட்டில் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

14. அறை லாக்கரில் சங்கிலி, தோடு வைத்திருந்தால், காலையில் போடப்போகும் செருப்பில் ஒன்றையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஒற்றைச் செருப்போடு யாரும் கிளம்ப முடியாது.

15. வெளியே வைக்கும் பெட்டிக்கு: பழைய விமானச் சீட்டுகளையெல்லாம் கிழித்துவிட்டு, கப்பல் கொடுத்த டேக்கைப் பக்கத்துக் கைப்பிடியில் கட்டுங்கள். மேல் கைப்பிடியில் கட்டினால் இழுக்கும்போது அறுந்துவிடும். கறுப்பு நிறச் சக்கரப் பெட்டிகள் வரிசையாக நூறு நிற்கும். அடையாளத்துக்குப் பழைய புடவையிலிருந்து கிழித்த பளிச்சென்ற துண்டு ஒன்றைக் கட்டினால் தூரத்திலிருந்தே தெரியும். உள்ளேயும் ஒரு காகிதத்தில் பெயர், ஊர், போன் எண் எழுதிப் போடுங்கள். இரவு 10 அல்லது 11 மணிக்குள் வைக்கச் சொல்வார்கள். எந்த நேரம் என்று அறைக்கு வரும் தாளில் இருக்கும். அந்த நேரம் தவறினால் பெட்டியைக் காலையில் நீங்களே சுமக்க வேண்டியதுதான்.

16. அலாரம் வைக்கும் முன் கப்பல் கடிகாரத்தைப் பாருங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கெட்டில் தாய்லாந்து சிக்னலைப் பிடித்து நேரத்தை மாற்றிக்கொண்ட போன், கடலில் சிக்னல் இல்லாமல் அந்த நேரத்திலேயே நின்றிருக்கும். ஐந்துக்கு வைத்த அலாரம் ஆறுக்கு அடிக்கும். இலங்கைக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் நம் நேரம்தான்.

17. காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்காதீர்கள். கடைசி நாளில் பஃபே வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறக்கும். முதல் ஆளாகப் போய் இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். உட்கார்ந்து பரிமாறும் உணவகத்துக்குப் போனால் முக்கால் மணி நேரம் போய்விடும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை போட்டபின் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

சாப்பிட்டது போக வாழைப்பழம், ஆப்பிள் என்று பையில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். கப்பல் உணவைக் கரைக்கு எடுத்துப்போகப் பொதுவாக அனுமதி இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் பழம், விதை, இறைச்சி பையில் இருந்தால் தனியே நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூரில் புகையிலைக்குச் சலுகை கிடையாது. சூயிங்கமும் கூடாது. அப்பாவின் வெற்றிலைப் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

18. வாந்தி வராமலிருக்க அவோமின் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள், கப்பல் துறைமுகத்துக்குள் வந்த பிறகு அதைத் தவிர்க்கலாம். அங்கே அலை இல்லை. மாத்திரையோ தூக்கத்தை வரவழைக்கும். தூக்கக் கலக்கத்தோடு இறங்குவது வயதானவர்களுக்கு ஆபத்து.

19. அறிவிப்பு அறைக்குள் கேட்காமல் போகலாம். பல கப்பல்களில் நடைகூடத்திலும் பொது இடங்களிலும் மட்டுமே ஒலிக்கும். ஆகவே அறையைப் பூட்டிக்கொண்டு காத்திருக்காமல், சொன்ன கூடத்தில் போய் உட்காருங்கள். எந்தத் தளத்தில் இறங்குவது என்று முந்தின இரவே கேட்டு, ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் கூப்பிடுவதற்கு முன்பே நடைபாலத்தின் வாயிலில் பெட்டியோடு போய் நிற்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் தேர் வரும் முன்பே வடத்தை மிதித்துக்கொண்டு நிற்பது போலத்தான் அது. யாருக்கும் நகர வழியிருக்காது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

20. லிஃப்டை நம்பாதீர்கள். எல்லாத் தளத்திலும் ஒரே நேரத்தில் பெட்டியோடு ஆட்கள் நிற்பதால், வரும் லிஃப்ட் எல்லாம் நிறைந்தே வரும். முடிந்தவர்கள் படியில் இறங்கி, லிஃப்டை முடியாதவர்களுக்கு விடுங்கள்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் ஏறும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். அவர்களை ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்காரச் சொல்லி ஊழியர் வந்து அழைத்துப்போவார். அப்பா அங்கே, மற்றவர்கள் முதல் கூட்டத்தில் என்று பிரிந்து போகாதீர்கள். ஒருவராவது கூட இருக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டையும் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

21. அறை அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். வெளியே போகும்போது அதைக் கருவியில் காட்டி ‘இவர் இறங்கிவிட்டார்’ என்று பதிவு செய்வார்கள். முனையத்தைவிட்டு வெளியே வரும்வரை அது கையில் இருக்கட்டும். கரையில் பாதுகாப்புப் படையினர் கேட்டாலும் காட்டலாம்.

22. போனை நடைபாலம் தாண்டும் வரை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். கரை நெருங்கும்போது, ஊர் சிக்னல் என்று நினைத்துக் கப்பலின் சாட்டிலைட் வழித் தொடர்பில் போன் ஒட்டிக்கொண்டால் ஒரு அழைப்புக்கே பெரிய தொகை வரும்.

23. முனையத்தின் பெட்டிக் கூடத்தில் உங்கள் டேக்கின் நிறத்துக்கான பகுதியில் தேடுங்கள். எடுத்த பெட்டியின் டேக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டே நகருங்கள். பெட்டி காணவில்லை, உடைந்திருக்கிறது என்றால் முனையத்தைவிட்டு வெளியேறும் முன் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். ஊருக்கு வந்துவிட்டால் ஒரு பெட்டிக்காக மறுபடியும் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும்.

24. ஊரிலிருந்து கார் வரச் சொல்லியிருந்தால், ஓட்டுநரிடம் கப்பல் கரை சேரும் நேரத்தைச் சொல்லாமல் அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. நினைத்த வண்டி நினைத்த இடத்தில் உள்ளே வந்து நிற்க முடியாது. எந்த வாயிலில் வெளியே வருவீர்கள் என்று ஏறும் நாளிலேயே கேட்டு, அந்த வாயிலை ஒரு போட்டோ எடுத்து ஓட்டுநருக்கு அனுப்பிவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையிலேயே கடற்கரை ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் சில நிமிடம்தான். கிளாம்பாக்கம் போகிறவர்கள் செங்கல்பட்டு வண்டியில் ஏறி வண்டலூரில் இறங்கி மாநகரப் பஸ் பிடிக்கலாம். பெட்டி அதிகம் இருந்தால் ஆட்டோவே மேல்.

25. வீடு வந்த பிறகும் தரை ஆடுவது போல இருக்கும். குளிக்கும்போது கண்ணை மூடினால் தள்ளும். பயப்பட வேண்டாம். அலையோடு சேர்ந்து ஆடப் பழகிய உடம்பு மறுபடி தரைக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் அரியலூர் நிலைய ஸ்டாண்டில் விட்டுப்போன பைக்கை அன்றிரவே எடுத்து ஓட்டாதீர்கள். நிலையத்திலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குப் போய், தண்ணீர் நிறையக் குடித்து, நன்றாகத் தூங்கி, மறுநாள் வந்து வண்டியை எடுங்கள். வாரக் கணக்கில் அந்த ஆட்டம் நிற்கவில்லையென்றால் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கப்பலில் போய் வந்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.